கஞ்சித் தொட்டியிலிருந்து கலோரிக் கணக்கு வரை

தை பிறந்தால் வழி பிறக்கிறதோ இல்லையோ, வடசென்னைச் சுவர்களில் ஒரு புதிய விளம்பரம் பிறந்துவிடுகிறது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பேருந்தில் செல்லும்போது சன்னல் வழியே பாருங்கள். "முப்பதே நாளில் பத்துக் கிலோ எடை குறைய" என்ற வாசகம் எங்காவது கண்ணில் படும். தை, மாசி முகூர்த்தங்கள் நெருங்கும் காலம் அது. மணப்பெண்ணுக்குத் தைத்த ரவிக்கையைப் பிரித்துத் தைக்க வேண்டிவருமோ என்று தாய் கவலைப்படுகிறாள். பெண்ணோ இரவுச் சோற்றை நிறுத்திவிடுகிறாள். கைப்பேசியில் யாரோ அனுப்பிய ஓர் உணவுப் பட்டியலில் "நாள் ஒன்றுக்கு 1,200 கலோரி" என்று போட்டிருக்கிறது. அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறாள்.

இந்த 1,200 எங்கிருந்து வந்தது? ஒரு மனித உடம்புக்கு இவ்வளவு சோறு போதும் என்று முதன்முதலில் யார், எதற்காகக் கணக்குப் போட்டார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடி நாம் அதிக தூரம் போக வேண்டியதில்லை. விடையின் ஒரு பெரிய பகுதி, அந்தப் பேருந்து செல்லும் வழிக்குப் பக்கத்திலேயே, பழைய வண்ணாரப்பேட்டைக்கும் இராயபுரத்துக்கும் நடுவில் புதைந்து கிடக்கிறது.

அங்கே இன்று ஸ்டான்லி அரசு மருத்துவமனை நிற்கிறது. வயதானவர்களைக் கேட்டால் அதைக் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்பார்கள். இது ஏளனப் பெயரன்று, வரலாற்றுப் பெயர். 1780-இல் ஐதர் அலியின் படைகள் கர்நாடகத்தில் புகுந்தன. வயல்கள் பாழாயின. உயிர் பிழைத்தோர் சென்னைக் கோட்டையை நோக்கி ஓடிவந்தனர். பஞ்சம் நகருக்குள்ளேயே வந்துவிட்டது. அப்போது, 1782-இல், கறுப்பர் நகரத்தின் மதிலுக்கு வெளியே ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்ற ஒரு சத்திரம் ஏற்பட்டது. மணியக்காரர் சத்திரம் என்று பெயர். வெள்ளைக்காரர் வாயில் அது 'மணேகார் சௌல்ட்ரி' ஆயிற்று. பசித்து வந்தவர்களில் பாதிப்பேர் நோயாளிகளாகவும் இருந்தார்கள். எனவே 1799-இல் கம்பெனி மருத்துவர் ஜான் அண்டர்வுட் அங்கே ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். கஞ்சித் தொட்டியின் பக்கத்தில் முளைத்த அந்த மருத்துவமனைதான் வளர்ந்து வளர்ந்து, 1933-இல் ஸ்டான்லி மருத்துவப் பள்ளியாகவும் 1938-இல் கல்லூரியாகவும் ஆனது.

'டயட்' என்ற சொல்லைக்கூட இந்த இடத்தில் நின்று கவனிக்கலாம். அரசு மருத்துவமனை வழக்கில் 'டயட்' என்றால் உள்நோயாளிக்கு அளந்து கொடுக்கும் பாலும் ரொட்டியும் கஞ்சியுமே. "டயட் வந்துடுச்சா?" என்று கேட்டால் சாப்பாடு வந்ததா என்று பொருள். இன்று அதே சொல்லுக்குச் சாப்பிடாமல் இருப்பது என்று பொருளாகிவிட்டது! ஒருவன் நமக்குக் கொடுக்கும் அளவு, நாமே நமக்கு மறுத்துக்கொள்ளும் அளவாக மாறியதுதான் இந்தக் கட்டுரையின் கதை.

ஒரு ராத்தல் தானியம்

1876-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியைப் பஞ்சம் கவ்வியது. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டன்மார் சொன்னது இதைத்தான். வங்கத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் அரிசி கப்பல்களில் வந்தது. அப்போது சென்னைக்கு ஒழுங்கான துறைமுகம் கிடையாது. 1875 டிசம்பரில்தான் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டியிருந்தார். கப்பல்கள் ஆழக்கடலில் நிற்க, மசூலாப் படகுகள் அலைகளைக் கடந்து மூட்டைகளைக் கரை சேர்த்தன. கடற்கரையில் தானிய மூட்டைகள் மலைபோல் குவிந்தன. 1856-லேயே இராயபுரத்திலிருந்து இரயில் ஓடத் தொடங்கிவிட்டது. ஆகவே உள்நாட்டுக்கு அனுப்பவும் வழி இருந்தது. தானியம் இருந்தது, வண்டி இருந்தது. வாங்கக் காசுதான் இல்லை.

அரசு பஞ்ச நிவாரண வேலைகளைத் தொடங்கியது. மண் வெட்டினால் கூலி. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்க ஏறத்தாழ 8 கிலோமீட்டர்க் கால்வாய் 1877-78-இல் இவ்வாறே வெட்டப்பட்டது. வடக்கே எண்ணூர் வரை 1806-லேயே கொக்ரேன் என்பவர் வெட்டிய கால்வாய் இருந்தது. புதிய வெட்டு சேர்ந்தபின் முழுக் கால்வாய்க்கும் அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரை வைத்தார்கள். இன்று திருவொற்றியூரின் ஓரமாகக் கறுத்து ஓடும் அந்த நீரைப் பார்க்கும்போது, அதன் தெற்குத் துண்டு எத்தகைய கைகளால் வெட்டப்பட்டது என்பதைச் சற்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கைகளுக்கு எவ்வளவு சோறு? இங்கேதான் இரண்டு மனிதர்கள் மோதினார்கள்.

ஒருவர் சர் ரிச்சர்டு டெம்பிள். வைஸ்ராய் லிட்டன் பிரபு 1877 சனவரியில் இவரைச் சென்னைக்குப் பஞ்சப் பிரதிநிதியாக அனுப்பினார். இவருடைய முன்கதை சுவையானது. 1873-74-இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது இதே டெம்பிள் பர்மா அரிசியை ஏராளமாக இறக்குமதி செய்து மக்களைக் காப்பாற்றினார். மிகச் சிலரே மாண்டனர். அதற்குக் கிடைத்த பரிசு? பணத்தை வாரி இறைத்தார் என்ற பழி! சூடு கண்ட பூனை அடுப்படிக்கு வராதல்லவா? சென்னைக்கு வந்த டெம்பிள் சிக்கனத்தின் உருவமாக இருந்தார். வேலை செய்யும் ஆண் ஒருவனுக்கு ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் அதன்மேல் ஓர் அணாவும் போதும் என்று விதித்தார். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதைவிடக் குறைவு. சென்னை அரசு அதுவரை கொடுத்துவந்த கூலியிலும் இது குறைந்தது. ஒரு ராத்தல் என்பது ஏறத்தாழ 450 கிராம்.

மற்றவர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையாளர், மருத்துவர். 1863-லேயே இம்மாகாணத்து மக்கள் என்ன உண்கிறார்கள், எவ்வளவு உண்கிறார்கள் என்று மாவட்டம் மாவட்டமாகச் செய்தி திரட்டி வெளியிட்டவர். அவர் சொன்னார்: உழைக்கும் மனிதனுக்கு ஒன்றரை ராத்தல் தானியம் வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும். வெறும் தானியத்தைக் கொண்டு சதையைக் காக்க முடியாது.

டெம்பிள் நிவாரண முகாம்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கூலியாட்களின் உடல்நிலை நன்றாகவே இருப்பதாக எழுதினார். கண்ணால் பார்த்துச் சொன்ன தீர்ப்பு அது. கார்னிஷும் பார்த்தார்; அவர் கண்ணுக்கு எலும்பு தெரிந்தது. ஒரே உடம்பு, இரண்டு கண்கள்! மருத்துவர் கண் எதையும் குறைவாகத்தான் பார்க்கும் என்று அதிகாரி எண்ணினார். கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உடம்பைப் பார்ப்பவர்க்கு உடம்பு தெரிவதில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. லிட்டன் டெம்பிள் பக்கமே நின்றார். ஆனால் சென்னை அரசு கார்னிஷுக்குப் பாதி வழி இறங்கிவந்தது. 1877 மார்ச்சில் அளவு ஒன்றேகால் ராத்தல் தானியமாகவும், ஒன்றரை அவுன்சுப் பருப்பாகவும் உயர்ந்தது. அதற்குள் பலர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். பஞ்சம் ஓய்ந்தபோது, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் மாண்டவர் தொகை 50 இலட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடப்பட்டது.

இப்போது நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1877-இல் உணவின் ஆற்றலைக் கலோரியில் அளக்கும் அட்டவணைகள் வரவில்லை. அமெரிக்கரான ஆட்வாட்டர் அவற்றை உருவாக்கியது அதற்குச் சுமார் இருபது ஆண்டுகள் கழித்துத்தான். நம்மிடம் அட்டவணை இருக்கிறது. 100 கிராம் பச்சரிசியில் சுமார் 345 கலோரி. எனவே 450 கிராமில் ஏறத்தாழ 1,550 கலோரி. கடுமையாக உழைக்கும் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 3,470 கலோரி தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் கூறியுள்ளது. டெம்பிளின் அளவு அதில் பாதிகூட இல்லை. கை கால் அசைக்காமல் படுத்திருந்தாலே, இதயம் துடிக்கவும் மூச்சு விடவும் உடற்சூடு காக்கவும், மெலிந்த ஓர் ஆணுக்கு 1,200, 1,300 கலோரி செலவாகிவிடும். மிச்சம் இருப்பதைக் கொண்டு கால்வாய் வெட்ட வேண்டும்! பற்றாக்குறையை உடம்பு எங்கிருந்து எடுக்கும்? முதலில் கொழுப்பிலிருந்து, கூடவே தசையிலிருந்து, பிறகு குடலிலிருந்தும் இதயத்திலிருந்தும்.

இது ஊகமன்று. அலெக்சாண்டர் போர்ட்டர் என்ற மருத்துவர், சென்னையில் இப்பஞ்சத்தில் இறந்த நானூறுக்கு மேற்பட்டோரின் உடல்களை அறுத்து ஆராய்ந்து, 1889-இல் ஒரு நூல் வெளியிட்டார். இதயமும் ஈரலும் சுருங்கியிருந்தன. குடற்சுவர் காகிதம்போல் மெலிந்திருந்தது. சோறு கிடைத்த பின்னும் பலர் பேதியாகி இறந்ததற்குக் காரணம் இதுவே: உண்டதைச் செரிக்க வேண்டிய குடலையே உடம்பு தின்றுவிட்டிருந்தது.

மின்னசோட்டாவில் முப்பத்தாறு பேர்

போர்ட்டரின் நூலை அரை நூற்றாண்டுக்குப் பின் அமெரிக்காவில் ஒருவர் கருத்தோடு படித்தார். அவர் பெயர் ஆன்செல் கீஸ். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், பட்டினி கிடந்த ஐரோப்பிய மக்களுக்கு எப்படி மீண்டும் உணவளிப்பது என்று அறிய விரும்பினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தனர். 1945-இல் 24 வாரங்கள் அவர்களுக்கு அரைப்பட்டினி. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை. அவர்களுக்குக் கொடுத்த உணவு சராசரி எவ்வளவு தெரியுமா? சுமார் 1,570 கலோரி!

நாம் மேலே போட்ட கணக்கை மறுபடி பாருங்கள். மின்னசோட்டாவில் 'பட்டினி' என்று பெயரிட்டு மருத்துவர்கள் சூழ்ந்து நிற்கக் கொடுத்த அளவும், சென்னையில் 'கூலி' என்று பெயரிட்டுக் கொடுத்த அளவும் கிட்டத்தட்ட ஒன்றே.

அந்த இளைஞர்கள் உடல் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை இழந்தனர். சராசரி 69 கிலோவிலிருந்து 53 கிலோ அளவுக்கு வந்தது. நாடி மெதுவாயிற்று. கோடையிலும் குளிர்ந்தது. கீஸை வியக்க வைத்ததோ அவர்கள் மனம். இரவெல்லாம் சமையல் நூல்களைப் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். ஒருவரோடொருவர் பேசுவதை விட்டார்கள். தாங்கள் மெலிந்திருப்பதாக அவர்களில் பலருக்குத் தோன்றவில்லை. தெருவில் நடந்த சாதாரண மனிதர்கள் மிதமிஞ்சிப் பருத்தவர்களாகத் தெரிந்தார்கள். பட்டினி முடிந்து உணவு தாராளமாகக் கிடைத்தபோது எடை வேகமாக ஏறியது. கொழுப்பு, பழைய அளவையும் தாண்டி ஏறியது. அப்போது சிலர் வயிறு பெருத்துவிட்டதே என்று வருந்தினார்கள்! உடல் தோற்றம் பற்றி எந்தக் கவலையும் இல்லாமல் வந்த நல்ல ஆரோக்கியமான ஆண்கள் அவர்கள். கண்ணாடியில் காண்பதைக் குறைத்தும் கூட்டியும் காட்டியது பசிதான். தை மாத மணப்பெண் கண்ணாடி முன் நின்று "இன்னும் குண்டாகத்தான் இருக்கிறேன்" என்று அழும்போது, அவள் திமிர் பிடித்துப் பேசவில்லை. அவளுடைய பசி பேசுகிறது.

சரி, அந்த 1,200? லாஸ் ஏஞ்சல்சைச் சேர்ந்த லூலூ ஹன்ட் பீட்டர்ஸ் என்ற பெண் மருத்துவர் 1918-இல் எழுதிய உணவு நூல் ஒன்றில் இந்த எண்ணைக் காணலாம். எடை குறைக்க விரும்பும் பெண்களுக்கு அவர் சொன்ன அளவு அது. முதல் உலகப் போர்க்காலம்; குறைத்து உண்பது தேசபக்தி என்று பேசப்பட்ட நேரம். ரொட்டித் துண்டைக் கண்டால் 'நூறு கலோரி' என்று நினைக்கும் பழக்கத்தை அமெரிக்க வீடுகளில் பரப்பியதில் இந்நூலுக்குப் பெரும் பங்கு உண்டு. டெம்பிள் கால்வாய் வெட்டுபவனுக்கு விதித்ததைவிட இது 350 கலோரி குறைவு என்பதைப் பீட்டர்ஸ் அம்மையார் அறிந்திருக்க நியாயமில்லை.

நம் ஊரில் இந்தப் பழக்கம் வெகு காலம் எடுபடவில்லை. காரணம் எளிது. பஞ்சத்தைப் பார்த்த சமூகத்தில் சதைப்பற்று என்பது செல்வம். "ஏன்டி இப்படி இளைச்சுப் போயிட்டே?" என்று கேட்பது அன்பின் அடையாளம். பெண் பார்க்க வருகிறவர்கள் 'பூசினாற்போல்' இருக்கிறாளா என்று பார்த்தார்கள். பழைய வார இதழ்களைப் புரட்டினால் உடம்பு தேற டானிக், எடை கூட டானிக் என்றே விளம்பரங்கள். எலும்பும் தோலுமாய் இருந்தவரை இதை உண்டு புஷ்டியானவராகக் காட்டிய இரட்டைப் படங்களை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்றைய விளம்பரங்களிலும் அதே இரட்டைப் படங்கள்தாம். இடமும் வலமும் மாறிவிட்டன, அவ்வளவுதான்.

பருவத்துக்கும் உடம்புக்கும் உள்ள தொடர்பும் அப்படித்தான் தலைகீழாயிற்று. ஆடியில் வடசென்னை அம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆடி, விதைப்புக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட பசிக்காலம். குதிர் காலியாக இருக்கும்போது ஊரே ஒரு பானையிலிருந்து குடிக்கும் ஏற்பாடு அது. அதே கேழ்வரகு இன்று அழகிய பொட்டலத்தில் 'எடை குறைக்கும் உணவு' என்று அரிசியைவிட அதிக விலைக்கு விற்கிறது. காசிமேட்டு விசைப்படகுத் தொழிலாளிகளுக்கோ இன்னும் பழைய வகைப் பருவம் உண்டு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாட்களில் அவர்கள் வீட்டில் குழம்பு மெலிவதற்கும் முகூர்த்தத்துக்கும் சம்பந்தமில்லை.

அளவுகோல் மாறிய கதை

உங்கள் எடையைக் கிலோவில் எழுதி, உயரத்தை மீட்டரில் எழுதி, உயரத்தை உயரத்தாலேயே பெருக்கி, அதனால் எடையை வகுத்தால் வருவது உடல் நிறை எண். 155 சென்டிமீட்டர் உயரமும் 50 கிலோ எடையும் உள்ள பெண்ணுக்கு அது 20.8. இந்த வகுத்தலைக் கண்டவர் பெல்ஜியப் புள்ளியியலார் கெட்லே, 1830-களில். அவர் தேடியது 'சராசரி மனிதனை'; கொழுத்தவனை அல்ல. 1972-இல் இதற்கு இன்றைய பெயரைச் சூட்டிப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? அதே ஆன்செல் கீஸ்! பட்டினியை அளந்த மனிதரே பருமனுக்கும் அளவுகோல் கொடுத்தார். அவரும் அதைக் கூட்டத்தை ஆராயத்தான் பரிந்துரைத்தார். தனி ஒருவரைத் தீர்ப்பிட அன்று.

அந்த எண் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குச் சிறந்த சான்று 2004-இல் 'லான்செட்' இதழில் வந்த ஒரு படம். புனே மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யூட்கினும் வெள்ளைச் சட்டையில் அருகருகே நிற்கிறார்கள். இருவர் எண்ணும் 22.3. இருவரும் ஒல்லி. ஆனால் யூட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக் உடம்பில் 21.2 விழுக்காடு. நம்மவரிடம் தசை குறைவு, வயிற்றுக்குள் மறைந்த கொழுப்பு அதிகம். தலைமுறை தலைமுறையாய்க் கண்ட பஞ்சங்கள் இதற்குக் காரணமா, கருவிலேயே ஊட்டம் குறைந்ததா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். காரணம் எதுவாயினும், ஐரோப்பியருக்கு 25 என்ற எல்லையை இந்தியருக்கு 23 என்று குறைக்க வேண்டியதாயிற்று. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும் என்பதும் இதனால்தான்.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. கஞ்சித் தொட்டி இருந்த அதே இடத்தில், ஸ்டான்லி மருத்துவமனையில், 1948-இல் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். இந்தியாவில் இத்தகைய பிரிவுக்கு இதுவே முன்னோடி என்பர். 1954-இல் இராயபுரத்திலேயே நீரிழிவுக்கான தனி மருத்துவமனையையும் நிறுவினார். சோறு இல்லாமல் செத்தவர்களுக்காக ஏற்பட்ட மண்ணில், சோற்றின் சர்க்கரையை உடம்பு கையாள முடியாதவர்கள் வரிசையில் நின்றார்கள். மேனாட்டு முறைப்படி மாவுப்பொருளை அறவே வெட்டச் சொல்லாமல், நம்மவர் வழக்கத்துக்கு ஏற்ப மாவுப்பொருளும் நார்ப்பொருளும் மிகுந்த உணவை வகுத்தவர் விசுவநாதன். அவருடைய 'டயட்' உயிர் வாழ்வதற்கானது. துறைமுகத்தில் மூட்டை தூக்குபவனுக்கும் அலுவலகத்தில் நாற்காலியில் அமர்பவனுக்கும் ஒரே அட்டவணை ஆகாது. கார்னிஷ் 1877-இல் மன்றாடியதும் இதைத்தானே!

போகட்டும், சுவர் விளம்பரத்துக்கு வருவோம். கையில் ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. பத்துக் கிலோவுக்கு 77,000. முப்பது நாளால் வகுத்தால் நாள் ஒன்றுக்கு 2,566 கலோரி குறைய வேண்டும். உட்கார்ந்து வேலை செய்யும் 55 கிலோ எடையுள்ள பெண்ணின் மொத்தச் செலவே நாளுக்கு 1,660 கலோரிதான். முப்பது நாளும் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்தாலும் கணக்கு உதைக்கிறது!

"ஆனால் என் தோழிக்கு முதல் வாரத்திலேயே மூன்று கிலோ குறைந்ததே" என்று நீங்கள் கேட்கலாம். குறைந்திருக்கும்; தராசு பொய் சொல்லாது. ஈரலிலும் தசையிலும் நம் உடம்பு கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தைச் சேமித்து வைக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சோற்றை நிறுத்தியதும் முதலில் கரைவது அந்தச் சேமிப்பு. அதோடு தண்ணீரும் சிறுநீராய் வெளியேறுகிறது. அந்த மூன்று கிலோவில் பெரும்பங்கு தண்ணீர். கல்யாண விருந்தில் ஒரு வேளை வயிறார உண்டதும் அது திரும்ப வந்து சேரத் தொடங்கிவிடும்.